பின் சீட்டுச் சாய்மானம்

பசை வாசம் என்று காலையில் சொன்னது அவள்தான்.

"புது ரெக்ஸின், புதுப் பசை. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், மாமா."

மாமனார் மூக்கைச் சுளித்தபடியே சாய்ந்துகொண்டார். படகு வாங்கிய நாளிலிருந்து அவர் அதில் சாய்ந்ததில்லை. பின் சீட்டு என்பது ஒரு பெட்டி. உள்ளே எஞ்சின், பெட்ரோல் டேங்க், பேட்டரி. மேலே மூடிப் பலகை. பின்னால் முழங்கை உயரத்துக்கு ஒரு மரச்சுவர், அதில் வட்டமான இரண்டு சல்லடைத் தகடுகள். சாய்ந்தால் தகடு விலாவில் குத்தும். பஸ் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியவர். முதுகெலும்பில் ஏதோ தேய்ந்துவிட்டது. சாயாமல் அரை மணி நேரம் உட்கார அவரால் முடியாது. அதனால் படகு போகும்போதெல்லாம் அவர் கரையில் நிற்பார்.

அவள் சீட்டு தைக்கிறவள். பைக், கார், வேன், எப்போதாவது சோபா. மாமனாருக்காகத்தான் இதைச் செய்தாள். தகடுகளைக் கழற்றினாள். பிளைவுட் பலகை, அதன்மேல் ஃபோம், அதன்மேல் நீல ரெக்ஸின். சுவர் முழுக்க மூடும்படி வைத்து முடுக்கி, மேலே வரிசையாக ரெக்ஸின் பட்டன் பதித்தாள். ஓரம் முழுக்க இடுக்கை அடைக்கும் ரப்பர் பீடிங். மூடிக்கு அடியிலும் ரப்பர் பட்டை.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது," என்றான் கணவன், மூடியைத் திறந்து மூடிப் பார்த்து. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அதற்கும் சீட்டு அவள் தைத்ததுதான்.

இப்போது ஏரியின் நடுவில், எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். ஐந்து பேர். அவள், கணவன், மாமனார், நாத்தனார், மகள். மகளுக்கு ஐந்து வயது. பின் சீட்டில் தாத்தாவின் தொடையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் போனில் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தெற்கே வானம் கறுத்திருந்தது.

"மழை வருது. கிளம்பலாம்," என்று கணவன் எழுந்தான்.

அவள் மகளின் மிதவைச் சட்டையின் பட்டையை மாட்டக் குனிந்தாள். சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் உள்ள கோட்டில் முகம் பட்டது.

பசை வாசம் மூக்கின் மேல்பக்கம் ஏறும். லேசாக இனிக்கும். பன்னிரண்டு வருடமாக அதில்தான் அவள் மூச்சு விடுகிறாள். இது தொண்டைக்குள் இறங்கியது.

பசை ஒட்டி ஒரு வாரம். வெயிலில் காய வைத்தாகிவிட்டது. வாசம் குறைய வேண்டும். காலையில் இருந்ததைவிட இப்போது அதிகமாக இருந்தது.

அந்த இரண்டு தகடுகளும் ஸ்பீக்கர் என்றுதான் அவள் நினைத்தாள். பழைய கார்களில் பின் சீட்டுக்கு மேலே அதே அளவு, அதே வட்டம், அதே சல்லடை. சீட்டு தைக்க வருகிறவர்கள் எல்லோரும் அதை மூடச் சொல்வார்கள். இங்கே தகட்டுக்குப் பின்னால் ஸ்பீக்கர் இல்லை. கறுப்புச் சுருள் குழாய் ஒன்றின் வாய் இருந்தது. வயர் போகிற குழாய், வயரை யாரோ உருவிவிட்டார்கள் என்று நினைத்தாள். இடைஞ்சலாக இருந்ததால் உள்ளே தள்ளிவிட்டாள். அது கீழே விழுந்த சத்தம் கூடக் கேட்டது.

வயருக்கு அவ்வளவு பெரிய குழாய் எதற்கு?

பெட்டி மூச்சு விட.

கணவனின் கை சாவியில் இருந்தது.

"ஏங்க. சாவியைத் தொடாதீங்க."

"என்ன?"

"தொடாதீங்க. கையை எடுங்க."

குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவன் கையை எடுத்தான்.

"ஏன், டெய்லர் மேடம் ஓட்டப் போறாங்களா?" என்றாள் நாத்தனார்.

"பெட்ரோல் வாசம் வருது, அண்ணி."

"பெட்ரோல் படகுல பெட்ரோல் வாசம் வராம பன்னீர் வாசமா வரும்?"

"பசைன்னு நீதானே சொன்னே?" என்றான் கணவன்.

"தப்பாச் சொல்லிட்டேன்."

அவன் பின்னால் வந்து குனிந்து முகர்ந்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் இன்னும் ஒன்றும் இல்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். தகடு, குழாய், ஸ்பீக்கர் என்று நினைத்தது, ரப்பர் பட்டை. நான்கு வாக்கியம்தான். கடைசி வாக்கியத்தில் அவன் முகம் மாறியது.

"வேன்ல ஒழுகினா ரோட்டுல சொட்டும்," என்றான். "காத்து அடிச்சுட்டுப் போயிடும். இங்க..."

இங்கே அடியும் மூடியிருந்தது. காலையில் அவன் டேங்கை விளிம்பு வரை நிரப்பியிருந்தான். பிறகு ஆயில் பார்ப்பதற்காகப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்திருந்தான். சாமான் ஏற்றி முடிக்கும்வரை அது திறந்தே கிடந்தது. அதனால்தான் காலையில் ஸ்டார்ட் செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை.

"சரி. ஸ்டார்ட் பண்ண வேணாம்," என்றான். "துடுப்பு இருக்கு. மெதுவாப் போயிடலாம். இதுக்கு ஏன் இப்படி நடுங்குறே?"

"அந்தச் சின்ன மோட்டார்."

துடுப்பை எடுக்கப் போன அவன் கை நின்றது.

படகு பழசு. எங்கோ ஒரு விரிசலில் தண்ணீர் கசியும். அதை இறைக்கப் பெட்டியின் அடியில் ஒரு சின்ன மோட்டார். பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும். எழும்பினால் மோட்டார் ஓடும். வீட்டு மாடித் தொட்டியில் வைப்பது போலத்தான், ஆள் தேவையில்லை. அதற்குச் சாவியும் கிடையாது. பேட்டரியிலிருந்து நேராக வயர். சாப்பிடும்போதுகூட ஒருமுறை ஓடியது. பக்கவாட்டு ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியதைப் பார்த்து, "படகு உச்சா போகுது," என்று மகள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது ஒன்றும் ஆகவில்லை. அப்போது உள்ளே எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

"மறுபடி எப்போ ஓடும்?" என்று கேட்டாள்.

"தண்ணி ஏறினா."

"எப்போ ஏறும்?"

அவன் பின் சீட்டைப் பார்த்தான். தன் அப்பாவைப் பார்த்தான். மகளைப் பார்த்தான்.

"வயரை வெட்டிடலாமா?"

"கத்தி பட்டுப் பொறி வந்தா?"

"பேட்டரி வயரைக் கழட்டினா?"

"கழட்டும்போதே பொறி பறக்கும். பைக்ல எத்தனை தடவை பார்த்திருக்கேன்."

"தண்ணியில குதிச்சிடலாம்டா," என்றாள் நாத்தனார். போன் மடியில் கிடந்தது.

"அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. உனக்கும் தெரியாது. மிதவைச் சட்டை ரெண்டுதான் இருக்கு. நீ போனை அணைச்சு வை முதல்ல."

"போனும் வெடிக்குமா?"

"தெரியாது. அணை."

எதையெல்லாம் தொடக்கூடாது என்று அவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் தன் வளையலைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"முதல்ல எல்லாரும் முன்னாடி போங்க," என்றாள். "முன்பக்கம் கனம் ஏறினா உள்ள இருக்கிற தண்ணியும் முன்னாடி போகும். மிதவைகிட்ட குறையும்."

மாமனார் மடியிலிருந்த பேத்தியை மகனிடம் தூக்கிக் கொடுத்தார். எழுந்திருக்க அவருக்கு நேரமானது. சீட்டைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து, பிறகு நாத்தனாரின் தோளைப் பிடித்து நின்றார். நாத்தனார் அசையவில்லை.

"முன்னாடி போம்மா, முன்னாடி போ," என்றார் அவர். பழைய பஸ் குரல். நடுங்கியது. "முன்னாடி காலியா இருக்கு. படிக்கட்டுல நிக்காதே. வழி விடு."

நாத்தனார் அழுதபடியே சிரித்துவிட்டாள். பிறகு நகர்ந்தாள்.

நான்கு பேரும் முனையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். படகின் முன்பக்கம் தாழ்ந்தது. கணவன் திரும்பி வரப் பார்த்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க வந்தா இங்க அமுங்கும். நான் பார்த்துக்கிறேன்."

"உனக்கு என்ன தெரியும் அதுல?"

"மூடுனவளுக்குத் திறக்கத் தெரியும்."

அவள் மூடியின் விளிம்பில் விரல் வைத்தாள். கீல் இரும்பு. அதற்கு எண்ணெய் விட்டது எப்போது? நினைவில்லை. ஒரு விரற்கடை தூக்கினாள். ரப்பர் பட்டை பிரியும் சத்தம், முத்தம் போல. இன்னொரு விரற்கடை. அவளுடைய வேலை நன்றாக இருந்தது. ஓரம் எங்கும் விலகவில்லை.

முழுக்கத் திறந்தபோது வாசம் முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது. முகத்தைத் திருப்பி மூச்சு வாங்கிக்கொண்டு குனிந்தாள்.

டேங்கின் மேல் குழாய் மாட்டியிருந்த இடத்தில் ஈரம். அங்கிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அடியில் கறுப்புத் தண்ணீர். அதன்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம், அசைந்துகொண்டிருந்தது. ஓரத்தில், அவள் தள்ளிவிட்ட சுருள் குழாய் வாயைத் தண்ணீருக்குள் வைத்துக் கிடந்தது.

மிதவை படுத்திருக்கவில்லை. ஒரு பக்கம் தூக்கியிருந்தது.

அவள் யோசிக்கவில்லை. பெட்டியின் விளிம்பில் வயிறு வைத்துப் படுத்து, கையை உள்ளே விட்டு, மிதவையைக் கீழே அமுக்கினாள். தண்ணீர் மணிக்கட்டுவரை வந்தது. குளிர்ந்திருந்தது. உடனே தோல் எரிந்தது.

"என்ன?" என்றான் கணவன்.

"எழும்பிடுச்சு. பிடிச்சிருக்கேன்."

படகின் பக்கத்தில் அலை தட்டியது.

பிடித்த பிறகுதான் தெரிந்தது, இனி விட முடியாது. மிதவை உள்ளங்கையில் முட்டியது. விட்டால் எழும்பும். மோட்டார் அவள் முகத்துக்குக் கீழே ஒரு முழத்தில் இருந்தது. இடது கையால் மிதவையின் மேல் சீட்டு ஃபோமைக் கிள்ளி வைத்து அடைக்கலாமா என்று யோசித்தாள். ஃபோமும் மிதக்கும். மேலே முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

"ஏங்க. நீங்கதான் வரணும். மெதுவா வாங்க. பழம் வெட்டுற கத்தியும் குவளையும் எடுத்துட்டு வாங்க."

அவன் நான்கு காலில் ஊர்ந்து வந்தான். அவன் ஒவ்வொரு முறை முன்னால் கை வைத்தபோதும் பின்பக்கம் தாழ்ந்தது. தண்ணீர் அவள் மணிக்கட்டைத் தாண்டி ஏறியது. மிதவை பலமாக முட்டியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சாய்மானத்தைப் பிரிங்க. காத்து போகணும்."

"ஸ்க்ரூ எங்க இருக்கு? ஒண்ணும் தெரியலையே."

"பட்டனுக்கு அடியில."

"எந்தப் பட்டன்?"

"எல்லாப் பட்டனும்."

"என்ன இப்படி மறைச்சு வெச்சிருக்க!"

மறைத்து வைப்பதுதான் நல்ல வேலை. ஸ்க்ரூ தெரிந்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அவள் சொல்லவில்லை. அவன் ரெக்ஸினைக் கிழித்தான். கத்தி துணியில் போகும் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபோம் பிய்ந்து வந்தது. ஸ்க்ரூவின் தலை தெரிந்தது. கத்தி நுனியை அதில் வைத்தான்.

"வேணாம்," என்றாள். "இரும்பும் இரும்பும்."

"அப்புறம் எப்படி?"

"பலகையைப் பிடிச்சு இழுங்க. கையால."

முன்னால் மகள் விழித்துவிட்டாள்.

"அம்மா என்ன தேடுறா?"

"உன் ரப்பர் பேண்டு உள்ள விழுந்துடுச்சு," என்றாள் நாத்தனார்.

"நான் எடுக்கிறேன்."

"நீ இங்க உக்காரு," என்றார் மாமனார். "பஸ் ஓடிட்டிருக்கு, எழுந்திருக்கக் கூடாது. டிக்கெட் எடுத்தாச்சா? அடுத்து தபால் ஆபீஸ். தபால் ஆபீஸ் இறங்குறவங்க எல்லாம் வாங்க."

"நான் இறங்கல."

"அப்போ அடுத்து பள்ளிக்கூடம்."

"அதுலயும் இறங்கல!"

"சரி, ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரி வேணாம்ப்பா," என்றாள் நாத்தனார். "ஆஸ்பத்திரியைச் சொல்லாதீங்க."

கணவன் பலகையின் மேல் விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்து, சுவரில் கால் வைத்து இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். பலகை நடுவில் விரிசல் விட்டது. மரம் பிளக்கும் சத்தம் நீளமாக வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மகளின் குரல் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். கேட்டது. "பள்ளிக்கூடம் லீவு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பலகை பிய்ந்த இடத்தில் காற்று உள்ளே வந்தது. கழுத்தில் பட்டது. வாசம் விலகி, திரும்பி வந்து, மறுபடி விலகியது. அவளுக்குத் தலை சுற்றியது. மிதவையை அமுக்கியிருந்த விரல்கள் மரத்துவிட்டன. அமுக்கிக்கொண்டிருக்கிறோமா என்று கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ஃபோமைப் போடுங்க. மேலாக வைங்க. அது பெட்ரோலைக் குடிக்கும்."

அவன் ஃபோமைப் படலத்தின் மேல் வைத்தான். நிறம் கறுத்தது. தூக்கி, காற்று போகும் பக்கம் வெளியே பிழிந்தான். மறுபடி வைத்தான். பிறகு குவளை. கரண்டி அளவுதான் வந்தது. பெட்டிக்குள் இடமில்லை. டேங்கு இடித்தது.

"சீக்கிரம்னு சொல்லாத," என்றான்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லப் போற மாதிரி மூச்சு விடுற."

மழை முதலில் தண்ணீரில் கேட்டது, பிறகு முதுகில் விழுந்தது. மழைத்தண்ணீரும் பெட்டிக்குள்தான் விழும். அவன் சட்டையைக் கழற்றி அவள் மேலும் பெட்டி மேலும் விரித்தான். அதில் பயன் இல்லை. இறைத்தான். குவளை ஒருமுறை டேங்கில் இடித்தது. பிளாஸ்டிக் குவளைதான். இருந்தும் இரண்டு பேரும் அப்படியே உறைந்தார்கள்.

சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அவன் டேங்கில் குழாய் மாட்டிய இடத்தில் தன் கைக்குட்டையைச் சுற்றி இறுக்கினான். சொட்டு நின்றது. கைக்குட்டை நனைந்தது.

படலம் மெலிந்தது. பிறகு துண்டு துண்டானது. தண்ணீர் மணிக்கட்டிலிருந்து விரல்களுக்கு இறங்கியது. மிதவையின் முட்டல் தளர்ந்தது. பிறகு நின்றது. அவள் உள்ளங்கைக்கு அடியில் அது வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது. ஆனால் மரத்த கைக்கு எது முட்டுகிறது, எது முட்டவில்லை என்று நம்ப முடியாது.

"எடு," என்றான்.

"நீங்க முன்னாடி போங்க."

"தண்ணி இறங்கிடுச்சு. எடு."

"போங்க."

"நான் பிடிக்கிறேன். நீ போ. கையை மாத்திக்கலாம்."

"மாத்தும்போது எழும்பும்."

"அப்போ ரெண்டு பேரும் இருப்போம்."

"ரெண்டு பேரும் இருந்தா அவளை யார் பார்ப்பா?"

"அக்கா இருக்கா."

அவள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். மழையில் அவன் முகம் சின்னப் பையனுடையது போல இருந்தது. முனையில் நாத்தனார் மகளின் காதுகள் இரண்டையும் பொத்தியிருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"உங்க அக்காவுக்கு அவ தலையை வாரிவிடக்கூடத் தெரியாது," என்றாள். "போங்க."

அவன் போனான். ஊர்ந்துதான் போனான். பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்தது, தண்ணீர் இன்னும் இறங்கியது. அவன் மகளை வாங்கி மடியில் வைத்து, அவளுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் தன் முதுகு வரும்படி திரும்பி உட்கார்ந்தான். தன் அப்பாவின் தலையையும் குனிய வைத்தான்.

"என்னடா, பஸ் நின்னுடுச்சா?" என்றார் அவர்.

"கொஞ்ச நேரம் பேசாதீங்கப்பா."

அவள் சுண்டுவிரலை முதலில் எடுத்தாள். மிதவை அசையவில்லை. அடுத்த விரல். அடுத்தது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் இருந்தன. மோட்டாரைப் பார்க்காமல் மிதவையை மட்டும் பார்த்தாள். மகளின் தலைமுடி வாசனையை நினைக்கப் பார்த்தாள். பெட்ரோல்தான் வந்தது.

எடுத்தாள்.

மிதவை கிடந்தது.

கை தண்ணீருக்கு வெளியே, அதே வடிவத்தில், எதையோ அமுக்கிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. அதை நிமிர்த்த முடியவில்லை. முன்னாலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பிறகு துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. கரை வெகுதூரத்தில் மழைக்குப் பின்னால் இருந்தது.

பெட்டியின் அடியில், எங்கோ இருந்த விரிசலிலிருந்து தண்ணீர் ஒரு நூல் போல வந்துகொண்டிருந்தது. மேலே மழையும். அவள் மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையால் துழாவிக் குவளையை எடுத்தாள்.